சுவரொட்டி சொல்லாத பவுத்திரம்: சித்தப்பாவுக்காக நான் கேட்டுத் திரிந்த ஒரே கேள்வி

தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. 'மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு... ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று மூன்று பெயர்களையும் ஒரே வரியில் போட்டு, கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். சேர்த்தே படித்துப் படித்து, மூன்றும் ஒரே நோய்தான் என்ற நினைப்பு நம் மண்டையில் உட்கார்ந்துவிட்டது.

என் சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். அதற்கு அவர் கொடுத்த விலை மூன்று வருடம், சித்தியின் ஆறு பவுன், பிறகு இன்னொன்று. அந்த இன்னொன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போட்டுராத பாப்பா" என்றார். போடவில்லை.

சூட்டுக் கட்டி என்று ஆரம்பித்தது

எங்களுக்கு ஊர் மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடியை ஒட்டி, ராமநாதபுரம் போகும் சாலையில் இருக்கிறது. கடலும் உப்பளமும் பக்கம். சித்தப்பாவுக்கு வயது 46. உப்பு லாரி ஓட்டுகிறார். லோடு ஏறிவிட்டால் கேரளா, கர்நாடகா என்று மூன்று நான்கு நாள் சீட்டிலேயே இருப்பார்.

ஆசனவாய்க்குப் பக்கத்தில் முதல்முறை ஒரு கட்டி வந்தபோது, 'இன்ஜின் சூடு' என்று நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தார். மோர் குடித்தார். கட்டி தானாக உடைந்தது, வலி போனது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் வீங்கியது. மறுபடியும் உடைந்தது. இப்படியே ஒரு வருடம் போனது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சித்திதான் கண்டுபிடித்து, சென்னையில் இருக்கும் எனக்கு போன் செய்தார். "ஏட்டி, நீ பத்திரிகையிலதான இருக்க. நல்ல டாக்டரா விசாரிச்சுச் சொல்லேன். ஒங்க சித்தப்பா உக்காரவே மாட்டேங்காவ. எங்கிட்டயே மறைச்சிருக்காவ. துணி தொவைக்கையிலதான் சீழ்க்கறையைப் பாத்தேன்."

சித்தப்பாவோ என்னிடம் பேசவே கூச்சப்பட்டார். வளர்ந்த பெண் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்ற தயக்கம். "சித்தப்பா, தினமும் நான் போடுற நியூஸ்ல இதவிட அசிங்கமானது நெறைய இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தோம்.

மூலம் வேறு, பவுத்திரம் வேறு

மூலம் என்பது ஆசனவாயில் இருக்கும் ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்குவது. வெடிப்பு என்பது தோலில் விழும் கீறல். பவுத்திரம் இந்த இரண்டும் இல்லை. அது ஒரு சுரங்கப்பாதை.

ஆசனவாயின் உள்பக்கம் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக்கொண்டு கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டி உருவாகிறது. சீழ் வெளியே வர வழி தேடி, சதையைத் துளைத்துக்கொண்டு தோல்வரை வந்து உடைகிறது. வந்த வழி மூடாமல் அப்படியே நின்றுவிட்டால் அதுதான் பவுத்திரம், ஆங்கில மருத்துவத்தில் ஃபிஸ்டுலா. உள்ளே ஒரு வாய், வெளியே ஒரு வாய், நடுவில் ஒரு குழாய். சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை பின்னாளில் பவுத்திரம் வரலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள், அதாவது வீட்டைத் தோளில் சுமக்கும் வயதில் வருகிறது.

வெளிவாய் மூடிக்கொண்டால் 'ஆறிவிட்டது' என்று தோன்றும். உள்ளே சீழ் சேரும், வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், மறுபடியும் உடையும். களிம்பும் ஊசியும் பவுத்திரத்தில் தோற்பதற்குக் காரணம் இதுதான். உள்வாயை அடைக்காமல் வெளிவாயை மட்டும் ஆற்றி ஒன்றும் ஆகாது.

சித்தி இதற்குள் வீட்டில் கருவாடு, கோழிக்கறி இரண்டையும் நிறுத்தியிருந்தார். உணவால் இந்தச் சுரங்கம் தோன்றுவதும் இல்லை, பத்தியத்தால் மூடுவதும் இல்லை. மலம் இறுகாமலும் பேதியாகாமலும் இருந்தால் புண் ஆற உதவும், அவ்வளவுதான்.

அந்த இன்னொன்று

சுவரொட்டியைப் பார்த்துப் போன இடத்தில் சித்தப்பாவுக்கு ஏதோ ஊசி போட்டார்கள், பொடி கொடுத்தார்கள். பிறகு ஒரு நர்ஸிங் ஹோமில் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார்கள். அது அப்போது அவசியமாக இருந்தது. அடுத்த வருடம் இன்னொரு இடத்தில், ஸ்கேன் எதுவும் எடுக்காமல், "சின்ன பவுத்திரம்தான், அறுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லி அறுத்தார்கள். ஐந்து மாதத்தில் ஒரு விரல்கடை தள்ளி புதிதாக ஓர் ஓட்டை வந்தது.

அதோடு வேறொரு பிரச்னையும் வந்தது. வாயுவை அடக்க முடியவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில், அவருக்கே தெரியாமல் பிரிந்துவிடும். உள்ளாடையிலும் லேசாகக் கறை. வருடம் தவறாமல் பனிமய மாதா கோயில் திருவிழாவுக்கு முன்வரிசையில் நிற்கிற மனிதர், அந்த ஆகஸ்ட் 5 அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார். லோடு ஏறும் நாட்களில் சாப்பிடாமல் ஓட்டினார். "கிளீனர் பையன் பக்கத்துல இருக்கான்லா" என்றார் என்னிடம். அதற்குமேல் சொல்லவில்லை.

அவர் இழந்த இன்னொன்று இதுதான். பவுத்திரத்தில் உயிருக்கு ஆபத்து குறைவு. ஆனால், மனிதன் நாலு பேர் நடுவில் தலைநிமிர்ந்து உட்காரும் தைரியத்துக்கு ஆபத்து அதிகம்.

எதனால் இப்படி? ஆசனவாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. உள்வளையம் நம்மைக் கேட்காமலேயே எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். வெளிவளையம் நாம் நினைத்தபோது இறுக்குவது. பவுத்திரத்தின் பாதை பல நேரங்களில் இந்த வளையங்களைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. பாதையைத் திறக்க வளையத்தை அறுத்தால், அறுத்த அளவுக்கு அடக்கும் சக்தி குறையும். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் பார்க்ஸும் அவருடைய குழுவினரும் 400 நோயாளிகளை ஆராய்ந்து, 1976-ல் பவுத்திரத்தை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அந்தப் பிரிவினையின் அடிப்படையே, பாதை இந்தத் தசைகளை எங்கே, எப்படிக் கடக்கிறது என்பதுதான். இன்றும் டாக்டர்கள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஆக, நோயாளி கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை நாளில் குணமாகும்' என்பது இல்லை. 'இந்தச் சிகிச்சையில் என் தசை எவ்வளவு வெட்டுப்படும்?' என்பதுதான். அதன்பிறகு நான் பேசிய ஒவ்வொரு டாக்டரிடமும் இந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்.

ராஜாவுக்கும் வந்த நோய்

கூச்சப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயிக்குப் பவுத்திரம் இருந்தது. 1686 நவம்பர் 18 அன்று சார்லஸ் ஃபெலிக்ஸ் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் ஆபரேஷன் செய்தார். மன்னர் அதன்பிறகு 1715 வரை வாழ்ந்தார். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கும் 1841-ல் இதே ஆபரேஷன் நடந்தது. அதைச் செய்த ஃபிரெடரிக் சால்மன்தான், ஏழை பவுத்திர நோயாளிகளுக்காக 1835-ல் ஒரு சின்ன மருத்துவமனையைத் தொடங்கி, அதைப் பிற்பாடு செயின்ட் மார்க்ஸாக வளர்த்தவர். சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, "ராசாவுக்கே வந்திருக்கா!" என்று கொஞ்சம் தெம்பானார்.

எது 'சிக்கலான' பவுத்திரம்?

எல்லா பவுத்திரமும் பயப்பட வேண்டியது இல்லை. தசையைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு மேலோட்டமாக ஓடும் ஒற்றைப் பாதை என்றால், அதைத் திறந்துவிட்டு அடியிலிருந்து ஆறவிடுவார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதிலேயே குணமாகிறார்கள்.

சிக்கல் என்று சொல்வது இவற்றைத்தான்: பாதை வெளிவளையத் தசையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடந்து போவது, ஒன்றுக்கு மேற்பட்ட கிளைகள் இருப்பது, ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வந்தது, பெண்களுக்கு முன்பக்கமாக வருவது, ஏற்கெனவே அடக்கும் சக்தி குறைந்திருப்பது. குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோயாலும் காசநோயாலும் வருவது இன்னொரு வகை. நம் நாட்டில் காசநோயை மறந்துவிடக் கூடாது. அறுத்தெடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவது அதற்காகத்தான். காசநோய் என்று தெரிந்தால் மருந்து இல்லாமல் கத்தி மட்டும் பலன் தராது.

சித்தப்பாவுக்கு இதில் மூன்று பொருந்தியது.

படம் எடுத்த பிறகுதான் கத்தி

மதுரையில் ஒரு டாக்டர், பரிசோதித்த கையோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். அதில் பாதை வெளிவளையத்தின் பாதியைக் கடந்து போவதும், முந்தைய ஆபரேஷனில் தொடாமல் விட்ட ஒரு கிளை பின்பக்கமாக வளைந்து நிற்பதும் தெளிவாகத் தெரிந்தன.

இந்த ஸ்கேனுக்கு ஆகும் செலவைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் பவுத்திரத்தில் அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 2002-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஏற்கெனவே ஆபரேஷன் செய்தும் பவுத்திரம் திரும்பிய 71 பேரைப் பார்த்தார்கள். எம்.ஆர்.ஐ. காட்டியபடி எப்போதும் ஆபரேஷன் செய்த மருத்துவர்களின் நோயாளிகளில் 16 சதவிகிதம் பேருக்கு மீண்டும் வந்தது. அந்தப் படத்தைக் கண்டுகொள்ளாத மருத்துவர்களின் நோயாளிகளில் 57 சதவிகிதம் பேருக்கு வந்தது.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

சிக்கலான பவுத்திரத்துக்கு 'இதுதான் ஒரே மருந்து' என்று எதுவும் இல்லை. தசையைக் காப்பாற்றிக்கொண்டே உள்வாயை மூட வேண்டும். அதற்குப் பல வழிகள்.

நூல் கட்டுதல்: செட்டான் என்பார்கள். பாதைக்குள் ஒரு நூலையோ ரப்பர் இழையையோ நுழைத்துத் தளர்வாக முடிந்துவிடுவார்கள். சீழ் உள்ளே தேங்காமல் வடிந்துகொண்டே இருக்கும். தசை வெட்டுப்படாது. சில வாரம் முதல் சில மாதம் வரை வைத்திருந்து, பாதை ஒடுங்கி உறுதியானதும் அடுத்த ஆபரேஷன். பெரும்பாலும் இது முதல் படி.

லிஃப்ட்: 2007-ல் தாய்லாந்து மருத்துவர் அருண் ரோஜனசகுல் வெளியிட்ட முறை. இரண்டு வளையங்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் நுழைந்து, பாதையைக் கட்டி, துண்டித்துவிடுவார்கள். வளையங்களை அறுப்பதில்லை. பத்தில் ஆறேழு பேருக்குப் பலன் தருகிறது.

உள்மடல் மூடுதல்: மலக்குடலின் உள்சுவரிலிருந்து ஒரு மடலை இறக்கி உள்வாயை மூடித் தைப்பது. பலன் ஏறத்தாழ லிஃப்ட் போலத்தான். அனுபவமுள்ள கை வேண்டும்.

கேமரா, லேசர்: பாதைக்குள் மெல்லிய கேமராவை விட்டு, பார்த்தபடியே சுத்தம் செய்து சுடுவது ஒன்று. லேசர் இழையால் பாதையின் உட்சுவரைச் சுட்டுச் சுருங்க வைப்பது இன்னொன்று. தசைக்குச் சேதம் குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால், மீண்டும் வர வாய்ப்பே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பசையும் அடைப்பானும்: பாதையை உயிர்ப் பசையால் நிரப்புவது, திசு அடைப்பானைச் செருகுவது. ஆபத்து குறைவுதான், பலனும் குறைவுதான்.

'ஸ்டெம்செல்' என்ற சொல்லையும் விளம்பரங்களில் பார்க்கலாம். குரோன்ஸ் நோயால் வரும் பவுத்திரத்துக்கான ஸ்டெம்செல் மருந்து ஒன்று 2018-ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதற்குப் பிந்தைய பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் தெரியாததால், 2024-ல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. புதியது என்பதற்காகவே ஒன்று சிறந்ததாகிவிடாது.

நம்ம ஊர் காரநூல்

"பாளையங்கோட்டையில நூல் கட்டுவாங்களாம்லா, அது என்ன?" என்று சித்தி கேட்டார். தென்மாவட்டக்காரர்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால், இந்தப் பேச்சு எங்கள் பக்கம் சகஜம்.

சித்த மருத்துவத்தில் காரநூல், ஆயுர்வேதத்தில் க்ஷார சூத்திரம். ஆயுர்வேத முறையில் நூலின்மேல் இலைக்கள்ளிப் பாலையும், நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரத்தையும், மஞ்சளையும் 21 முறை பூசிக் காயவைப்பார்கள். அந்த நூலைப் பாதையில் கட்டி, வாரம் ஒருமுறை மாற்றுவார்கள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வர, பின்னால் சதை ஆறிக்கொண்டே வரும். பழைய சுஸ்ருதர் காலத்து முறை இது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் பி.ஜே. தேஷ்பாண்டே இதை மீட்டெடுத்து, 1973-ல் 200 நோயாளிகளின் விவரத்தோடு மருத்துவ இதழில் எழுதினார்.

பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மையங்களில் இதை அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 1991-ல் முடிவு வெளியானது. நூல் கட்டியவர்களில் 4 சதவிகிதம் பேருக்கும், அறுவை சிகிச்சை செய்தவர்களில் 11 சதவிகிதம் பேருக்கும் நோய் திரும்ப வந்தது. ஆனால் ஆறுவதற்கு அறுவையில் 4 வாரம், நூலில் 8 வாரம்.

இதைப் படித்ததும் 'அப்படியென்றால் நூலே போதுமே' என்று தோன்றும். ஒன்றை மறக்கக் கூடாது: மெதுவாக என்றாலும் காரநூலும் அறுக்கத்தான் செய்கிறது. தசையை அதிகம் கடக்கும் உயரமான பவுத்திரத்தில் அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். அரசு சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில், முறையாகப் படித்த மருத்துவர்களிடம் மட்டுமே கட்டிக்கொள்ள வேண்டும். சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சுவரில் போன் நம்பர் எழுதும் இடங்களில் கட்டும் நூலில் என்ன பூசியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சித்தப்பா எடுத்த முடிவு

ஓர் இடத்தில் "லேசர், ஒரே நாள், மறுநாளே லாரி ஓட்டலாம்" என்றார்கள். தசையைப் பற்றிய என் கேள்விக்கு "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்பதோடு பதில் முடிந்தது. மதுரை டாக்டர் மட்டும் ஒரு தாளில் இரண்டு வட்டம் போட்டு, பாதையை வரைந்து காட்டினார். "ஏற்கெனவே கொஞ்சம் தசை போயிருக்கு. இனி ஒரு இழைகூட இழக்கக் கூடாது. முதல்ல நூல் போட்டு, கிளையைச் சுத்தம் பண்ணுவோம். மூணு மாசம் கழிச்சு லிஃப்ட். அப்பவும் முழுசா ஆறிடும்னு எழுதித் தர முடியாது" என்றார்.

உத்தரவாதம் கொடுத்தவரை விட்டுவிட்டு, கொடுக்காதவரைத் தேர்ந்தெடுத்தார் சித்தப்பா. "இவருதாம்மா உள்ளதச் சொல்லுதாரு" என்றார்.

நூலோடு மூன்று மாதம். பக்கத்து நடை மட்டும் ஓட்டினார். தினமும் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். "உப்பு போடணுமா டாக்டர்?" என்று சித்தி கேட்க, "வெறும் வெந்நீரே போதும்" என்றார் அவர். "உப்பளத்துக்காரனுக்கே உப்பு வேண்டாமாம்" என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஒளித்து வைத்திருந்த நோயை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

லிஃப்ட் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. சீழ் இல்லை. வாயுவை அடக்குவது முன்பைவிடத் தேவலை, பழையபடி முழுதாக இல்லை. தசைப் பயிற்சி செய்கிறார். ஒரு வருடம் தாண்டட்டும், அப்புறம் பேசலாம் என்கிறார் டாக்டர். ஆறு பவுனில் இரண்டு பவுன் மீட்டாகிவிட்டது.

டாக்டரிடம் கேளுங்கள்

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ ஆசனவாய்ப் பக்கம் ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்து உடைந்தால், அது பவுத்திரமாக இருக்கலாம். பொது அறுவை மருத்துவரிடமோ, குடல், மலக்குடல் சிறப்பு மருத்துவரிடமோ போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைப் பிரிவிலும் காட்டலாம். அங்கே இவற்றைக் கேளுங்கள்:

- என் பாதை தசையில் எவ்வளவு தூரம் கடக்கிறது? கிளை இருக்கிறதா?
- எம்.ஆர்.ஐ. தேவையா?
- இந்தச் சிகிச்சையில் தசை எவ்வளவு வெட்டுப்படும்? அடக்கும் சக்தி குறையுமா?
- திரும்ப வந்தால் அடுத்து என்ன வழி?
- எடுக்கும் சதையைக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?
- காப்பீட்டு அட்டையில் இந்த ஆபரேஷன் அடங்குமா?

கடும் வலியோடு வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் கேள்வியெல்லாம் அப்புறம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால், அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணைக் கூப்பிடலாம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் 'பின்னாடி ஒரு சின்னத் தொந்தரவு' என்று இழுக்காமல், எங்கே, எத்தனை நாளாக, எத்தனை முறை உடைந்தது என்பதை நேராகச் சொல்லிவிடுங்கள். அவர் இதைத் தினமும் கேட்கிறவர். கூச்சம் நமக்கு மட்டும்தான்.